விளையாட்டில் செய்த குற்றம்



ஒருவன் தன் அறையில் அமர்ந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். விரலால் ஒரு பொத்தானை அழுத்துகிறான். திரையில் ஓர் உருவம் விழுந்து மடிகிறது. உண்மையில் ஓர் எறும்பும் சாகவில்லை. ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் கொன்றவனும் இல்லை, செத்தவனும் இல்லை. அப்படியிருந்தும் அவன் நெஞ்சு கனக்கிறது. “ஐயோ, நான் ஏன் அப்படிச் செய்தேன்?” என்று இரவில் படுக்கையில் புரளுகிறான். இது வெறும் பேதைமையா? அல்லது அந்தக் கூச்சத்தில் ஏதேனும் உண்மை உண்டா?

அற்பமான கேள்வி என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். வீடியோ விளையாட்டு என்றதும் பெற்றோர் பலருக்குத் தோன்றுவது வீண்பொழுதும் கண்கெடுதலுமே. அந்தக் குறைகள் உண்டுதான். அவற்றைப் பற்றி வேறொரு வாரம் பேசலாம். துப்பாக்கி விளையாட்டு ஆடும் பிள்ளை மூர்க்கனாகிறானா என்பதைக் குறித்தோ ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கிலும் நான் நுழையப்போவதில்லை. இங்கே நாம் எடுத்துக்கொள்வது வேறு. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக, நாவலாசிரியன் எழுத்தால் கதை கட்டுவதுபோல விளையாட்டாலே கதை கட்டுகிறவர்கள் தோன்றியிருக்கிறார்கள். ஆடுகிறவன் வென்று மகிழ வேண்டும் என்பது அவர்களில் சிலருடைய நோக்கமல்ல. வென்றபின் அவன் வெட்கப்பட வேண்டும் என்பதே நோக்கம். ஜப்பானியரான ஃபுமித்தோ உவேடாவின் தலைமையில் உருவாகி 2005-இல் வெளிவந்த “ஷாடோ ஆஃப் தி கொலோசஸ்” என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்கும்பொருட்டு ஒரு வாலிபன் பூதாகாரமான 16 பிராணிகளைக் கொல்ல வேண்டும். அவற்றில் சில அவனைச் சீண்டுவதுகூட இல்லை. தங்கள் பாட்டுக்குத் திரிகின்றன. ஒவ்வொன்றும் சாய்கிறபோது கேட்பது வெற்றி முழக்கமல்ல, ஒப்பாரி போன்ற இசை. வாலிபனுடைய தோற்றமும் கொலைக்குக் கொலை மங்கிக் கறுத்துக்கொண்டே வருகிறது.

நாடகத்தைப் பார்த்து மனம் கலங்குவது பழைய காரியம். அர்ச். அகுஸ்தினார் தம் வாலிபத்தில் கார்த்தேஜ் நகரத்து நாடகக் கொட்டகைகளில் கண்ணீர் விட்டதைப் பிற்காலத்தில் நினைத்துப் பார்த்து, தான் அனுபவிக்க விரும்பாத துன்பத்தைப் பார்த்து அழுவதில் மனிதனுக்கு என்ன இன்பம் என்று வியக்கிறார். ஆயினும் அங்கே வருவது துக்கம். குற்ற உணர்வு அல்ல. மேடையில் ஒருவன் கொலை செய்தால் நாம் கோபிப்போம், அல்லது இரங்குவோம். “கொன்றவன் நான்” என்று பார்வையாளர் எவரும் சொல்லுவதில்லை. வீடியோ விளையாட்டிலோ பேச்சே மாறிவிடுகிறது. ஆடி முடித்தவனிடம் கதையைக் கேளுங்கள். “அந்தக் கதாநாயகன் கிழவனிடம் திருடினான்” என்று சொல்லமாட்டான். “நான் திருடினேன்” என்றே சொல்லுவான். தன்மை ஒருமையில் கதை சொல்லும் கலை இது. தன்மை ஒருமை வந்த இடத்தில் மனச்சாட்சியும் வந்து சேருவதில் ஆச்சரியம் என்ன?

“எல்லாம் பொம்மை, எவருக்கும் தீங்கில்லை, ஆகையால் கூசுவதற்குக் காரணமே இல்லை” என்று சட்டென்று முடிப்பவர்கள் ஒரு பரிசோதனையைக் கவனிக்க வேண்டும். 1961-இல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் ஸ்டான்லி மில்கிராம் என்பவர் தொடங்கிய சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடுத்த அறையில் இருப்பவன் தவறான விடை சொல்லும்போதெல்லாம் அவனுக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும்படி சாதாரண மனிதர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு. அது அவர்களுக்குத் தெரியாது. 2006-இல் லண்டனில் மெல் ஸ்லேட்டரும் அவருடைய துணைவர்களும் இதே சோதனையை வேறு விதமாக நடத்தினார்கள். இம்முறை அதிர்ச்சிக்கு ஆளானது கம்ப்யூட்டர் வரைந்த ஒரு பெண்ணுருவம். அவள் பொய் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், அவள் வலிக்கிறதென்று முறையிடும்போது அவர்கள் உடல் பதறியது. சிலர் பாதியிலேயே எழுந்துவிட்டார்கள். புத்தி “இது படம்” என்று சொல்லிக்கொண்டிருக்க, இருதயமும் வியர்வையும் வேறொன்று சொல்லின.

ஆகவே உணர்ச்சி மெய்தான். அது குற்றத்தைக் காட்டும் உணர்ச்சியா என்பதே கேள்வி. இவ்விஷயத்தில் ஒழுக்க சாஸ்திரம் சொல்லுவது தெளிவானது. சாவான பாவத்திற்குக் கனமான காரியம் வேண்டும், முழு அறிவு வேண்டும், முழுச் சம்மதம் வேண்டும். திரையில் விழுந்த உருவத்திற்கு உயிரில்லை. ஆகையால் அது கொலையல்ல. திரைக் கொலையைக் கொலையென்று எண்ணி மருளுகிற பிள்ளைக்கு அது வீண் சஞ்சலம் என்று சொல்லி ஆறுதல் கூற வேண்டியதே.

ஆனால் விஷயம் இதோடு முடிவதில்லை. அதே அகுஸ்தினார் கனவுகளைப் பற்றியும் யோசிக்கிறார். விழித்திருக்கையில் தாம் ஒருபோதும் இசையாத காரியத்துக்குக் கனவில் தம் மனம் இசைந்துவிடுகிறதே, அப்போது நான் நானல்லவா என்று கேட்கிறார். கண்விழித்ததும் மனச்சாட்சி அமைதி அடைகிறது. ஏனெனில் அதை அவர் செய்யவில்லை. ஆயினும் அது எப்படியோ தம்முள் நடந்துவிட்டதே என்று வருந்துகிறார். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தப் பக்கம், இன்று திரைக்குமுன் அமர்ந்திருப்பவனுக்கே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கனவு காண்கிறவன் தூங்குகிறான். ஆடுகிறவனோ விழித்திருக்கிறான், காசு கொடுத்து வாங்கியிருக்கிறான், யோசிக்க அவனுக்கு நேரமும் உண்டு.

இனி சில விளையாட்டுகளை எடுத்து, அவை ஆடுகிறவன்மேல் சுமத்தும் பழி நியாயமா என்று பார்ப்போம்.

2012-இல் வெளிவந்த “ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்” ஜெர்மனியில் பெர்லின் நகரத்திலுள்ள யேகர் நிறுவனம் செய்தது. மணற்புயலில் புதைந்த துபாய் நகரத்துக்குள் வாக்கர் என்ற அமெரிக்கப் படைத்தலைவன் இரண்டு வீரர்களுடன் நுழைகிறான். ஓரிடத்தில் எதிரிப் படை திரண்டிருக்கிறது. வெண் பாஸ்பரஸ் குண்டுகள் கையில் இருக்கின்றன. அவை மனித உடலை எரித்துக்கொண்டே உள்ளே இறங்கும் கொடிய ஆயுதம். ஆகாயத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளைப் புள்ளிகளைக் குறிவைத்துச் சுட வேண்டும். அந்தப் படத்தின் கண்ணாடியில் வாக்கரின் முகம் நிழலாடுகிறது. புகை அடங்கியபின் இறங்கி நடந்தால், கடைசியாகச் சுட்ட கூட்டம் படை அல்ல, அடைக்கலம் புகுந்திருந்த குடிமக்கள். கருகிப்போன ஒரு தாய், குழந்தையை அணைத்தபடியே கிடக்கிறாள். அதன்பின் விளையாட்டு ஆடுகிறவனை விடாமல் இடித்துக் காட்டுகிறது.

பலர் புகழ்ந்த கட்டம் இது. எனக்கு இதில் ஒரு குறை தோன்றுகிறது. அந்தக் குண்டுகளை வீசாமல் கதையில் ஓர் அடியும் முன்னே போக முடியாது. வேறு வழி எதுவும் வைக்கவில்லை. வழியை அடைத்துவிட்டு, “ஏன் இந்த வழியாக வந்தாய்?” என்று கேட்பது நீதியா? விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கலாமே என்று சிலர் வாதிக்கிறார்கள். அப்படியானால் புத்தகத்தை மூடாத வாசகனெல்லாம் புத்தகத்தில் வரும் கொலைக்கு உத்தரவாதி ஆகிவிடுவான்! சுதந்தரம் இல்லாத இடத்தில் பழி இல்லை. இங்கே ஆடுகிறவன் அடைவது குற்ற உணர்வின் சாயல். குற்ற உணர்வு அல்ல.

ஆனால் அதே விளையாட்டில், அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு கட்டம் உண்டு. வாக்கரின் துணைவன் ஒருவனை ஊர் ஜனங்கள் சேர்ந்து தூக்கிலிட்டுவிடுகிறார்கள். வாக்கரைச் சுற்றிக் கூட்டம் நெருங்குகிறது, கல் வீசுகிறது. கையில் துப்பாக்கி இருக்கிறது. என்ன செய்யவேண்டும் என்று விளையாட்டு சொல்லுவதில்லை. கூட்டத்தை நோக்கிச் சுடலாம். வானத்தை நோக்கிச் சுட்டாலும் கூட்டம் கலைந்து ஓடிவிடும். இரண்டாவது வழி இருந்தது என்று ஆடி முடித்தபிறகே அறிந்து திடுக்கிட்டவர்கள் உண்டு. அவர்களைத் தடுத்தது எது? இதுவரை எதிர்ப்பட்ட ஒவ்வொன்றையும் சுட்டுச் சுட்டுப் பழகிய கை, வேறு வழியைத் தேடவே இல்லை. இங்கே பழி நியாயமானது என்பேன். எந்தக் கொலைக்காகவும் அல்ல. கேட்காமலே சுட்ட அந்தப் பழக்கத்துக்காக.

இதைவிட நுட்பமானது லூக்காஸ் போப் என்பவர் தனியொருவராக ஆக்கி 2013-இல் வெளியிட்ட “பேப்பர்ஸ், ப்ளீஸ்.” துப்பாக்கிக்கு இதில் அதிக வேலை இல்லை. அரசாங்க உத்தியோகம்தான்! ஆண்டு 1982. அர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் பரிசோதகர். வரிசையில் வருகிறவர்களின் கடவுச்சீட்டை வாங்கி, படம் பொருந்துகிறதா, தேதி காலாவதியாகிவிட்டதா, முத்திரை சரியா என்று பார்த்து, “அனுமதி” அல்லது “மறுப்பு” என்று முத்திரை குத்த வேண்டும். சரியாகப் பார்த்த ஒவ்வொருவருக்கும் கூலி உண்டு. தவறினால் ஓர் எச்சரிக்கைத் தாள் வரும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகள் மன்னிக்கப்படும். அதற்குமேல் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். மாலையில் வாடகை, சாப்பாடு, அடுப்புக்கரிக்கு ஒத்த குளிர்காயும் செலவு, மருந்து என்று கணக்குப் பார்க்க வேண்டும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. பணம் போதாவிட்டால் நோய்; நோய் முற்றினால் சாவு.

இப்படியிருக்க, ஒருநாள் ஒரு மனிதர் வருகிறார். காகிதங்கள் சரியாக இருக்கின்றன, அனுமதிக்கிறீர்கள். “எனக்குப் பின்னால் என் மனைவி வருகிறாள், அவளிடம் தயவாய் இருங்கள்” என்று சொல்லிப் போகிறார். அவளிடம் நுழைவுச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்கிறாள். அவளை விட்டால் எச்சரிக்கைத் தாள் நிச்சயம். இன்னொரு நாள் ஒரு பெண் ஒரு சீட்டை நீட்டுகிறாள்: பின்னால் வரும் இன்னார் தன்னையும் தன் சகோதரியையும் வேலைக்கென்று ஏமாற்றி விபசாரத்தில் தள்ளப்போகிறான், அவனை விடாதீர்கள் என்று கெஞ்சுகிறது அந்தச் சீட்டு. அவன் வருகிறான்; அவனுடைய காகிதங்களிலோ ஒரு குறையும் இல்லை. சட்டப்படி நடந்தால் நிரபராதியை விரட்ட வேண்டும், கயவனை வரவேற்க வேண்டும்.

இவற்றில் கூட நல்ல மனமுள்ளவன் ஒரு வழியாகத் தேறிவிடுவான். இரண்டு தவறுகளுக்குத்தான் மன்னிப்பு உண்டே. உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. சாவடிக் காவலன் ஒருவன் காதில் ஓதுகிறான்: ஆட்களைத் திருப்பி அனுப்பாமல் கைதுசெய்தால் எனக்குக் கொடை கிடைக்கும், அதில் உனக்கும் பங்கு தருகிறேன் என்று. சிறு பிழை இருந்தாலும் கைது செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. மகன் காய்ச்சலாய்க் கிடக்கிறான். கைப்பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. இழுத்துக்கொண்டு போகப்பட்டவன் என்ன ஆனான் என்று எவரும் சொல்லப்போவதில்லை. அடுத்த ஆள் வந்து நிற்கிறான். சிலநாளில் ஆடுகிறவன் முகங்களைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறான். படமும் முகமும் பொருந்துகிறதா என்பதற்காக மட்டும் பார்க்கிறான்.

அர்ச். அல்போன்ஸ் லிகோரியார் காலத்திலிருந்து ஒழுக்க சாஸ்திரிகள், தீமையில் மனம் ஒப்பி உடந்தையாவதையும், மனம் ஒப்பாமல் செயலளவில் மட்டும் உடந்தையாவதையும் பிரித்துப் பேசுவார்கள். எசமானின் தீய காரியத்துக்கு உதவவேண்டி வந்த வேலைக்காரன் எந்த அளவு பாவி என்று கணக்குப் பார்ப்பதற்கு அந்தப் பிரிவு. குருமடத்தில் இதைப் படித்தபோது மிகவும் வறண்ட பாடமாகத்தான் தோன்றியது என்று சொன்னால் என் ஆசிரியர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். இந்த விளையாட்டில் அதே பாடம் எலும்பும் தசையும் பெற்று எழுந்து நடக்கிறது. காரணம், இங்கே ஆடுகிறவனிடம் வஞ்சகம் இல்லை, ஆத்திரம் இல்லை. அவன் கெட்டவனாக ஆசைப்படவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்து வீட்டைக் காப்பாற்ற மட்டுமே ஆசைப்பட்டான். எது எங்கே வழுகியது என்று பின்னால் திரும்பிப் பார்த்தால், மனம் ஒப்பாத உடந்தை எப்போது மனம் ஒப்பிய உடந்தையாக மாறியது என்பதற்கு ஒரு நாள், ஒரு மணி குறிக்க முடிவதில்லை. கற்பனைப் பரிசோதகருக்கு மட்டுமா இந்தக் கதி? சட்டத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்துகிற மேசைகள் எல்லா நாடுகளிலும் உண்டு.

போலந்து நாட்டு வார்ஸாவில் உருவாகி 2014-இல் வந்த “திஸ் வார் ஆஃப் மைன்” விளையாட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1992 முதல் 1996 வரை முற்றுகையில் தவித்த சராயெவோ நகர மக்களின் நிலையைக் கண்டு எழுந்தது அது. அதில் நீங்கள் போர்வீரன் அல்ல, பசித்த குடிமகன். ஒரு வீட்டில் வயோதிகத் தம்பதிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் உணவும் மருந்தும் இருக்கின்றன. எடுத்துக்கொண்டால் உங்கள் ஆட்கள் பிழைப்பார்கள். ஆனால் எடுத்தவன் வீடு திரும்பியபின் சோர்ந்து உட்காருகிறான்; செய்ததை நினைத்துப் புலம்புகிறான். 2020-இல் போலந்து அரசு இவ்விளையாட்டைப் பள்ளி மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் நூல்களின் வரிசையில் சேர்ப்பதாக அறிவித்தது. இங்கே வருவது குற்றமா, அல்லது பிரிட்டிஷ் தத்துவ ஞானியான பெர்னார்டு வில்லியம்ஸ் 1976-இல் விளக்கியதுபோல், தவறே செய்யாத லாரி ஓட்டுநன் தன் வண்டியில் அடிபட்டுச் செத்த குழந்தைக்காக வாழ்நாளெல்லாம் படும் அந்தத் தனித் துயரமா? வேடிக்கை பார்த்தவன் படும் வருத்தத்தைவிட ஓட்டியவன் படும் வருத்தம் வேறு. அப்படி வருந்தாத ஓட்டுநனை நாம் மனிதனாகவே மதிக்கமாட்டோம். அந்த முதியவர்களிடம் எடுத்தவன் முழுக்க ஓட்டுநன் நிலையிலும் இல்லை, முழுக்கத் திருடன் நிலையிலும் இல்லை.

கடைசியாக “அண்டர்டேல்.” டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் பெரும்பாலும் தாமே உருவாக்கி 2015-இல் வெளியிட்டது. பூமிக்கு அடியில் பூதங்கள் வாழும் உலகத்தில் ஒரு மனிதக் குழந்தை விழுந்துவிடுகிறது. பார்வைக்குக் குழந்தைகள் விளையாட்டுப் போலத்தான் இருக்கும். இதன் விசேஷம் யாதெனில், எதிர்ப்படும் எந்தப் பூதத்தையும் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பேசியும் பொறுத்தும் விட்டுவிடலாம். அதாவது, முன் சொன்ன துபாய்க் கதையில் இல்லாத சுதந்தரம் இங்கே நிறைய உண்டு.

தொடக்கத்திலேயே டோரியேல் என்னும் தாய் போன்ற பூதம் குழந்தையை அன்போடு பேணி, வெளியே போகவிடாமல் வழிமறிக்கிறாள். சற்று அடித்துத் தளர்த்தினால் விட்டுவிடுவாள் என்று நினைத்து அடிக்கிறவன், எதிர்பாராமல் கொன்றுவிடுகிறான். வருந்துகிறான். இத்தகைய விளையாட்டுகளில் செய்ததை அழித்துவிட்டு, முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வசதி உண்டல்லவா? அப்படியே திரும்பிப் போகிறான். இம்முறை அவளை உயிரோடு விட்டுச் செல்கிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியடையும் தறுவாயில், ஃபிளவி என்னும் ஒரு பூ எதிரே முளைத்து, நீ அவளைக் கொன்றாய், பிறகு மனம் வருந்தித் திரும்பிப் போனாய், எனக்குத் தெரியும் என்று சிரிக்கிறது. விளையாட்டு மறக்கவில்லை!

இன்னும் கொடியது, எல்லாரையும் கொல்லும் வழி. அது தற்செயலாக நேருவதல்ல. ஒவ்வோர் இடத்திலும் நின்று காத்திருந்து, எதிர்ப்பட ஒருவரும் மிச்சமில்லை என்னும்வரை தேடித் தேடிக் கொல்ல வேண்டும். சலிப்பூட்டும் வேலை. அதை ஏன் ஒருவன் செய்கிறான்? பூதங்கள்மேல் பகையாலா? இல்லை. நல்ல முடிவைப் பார்த்தாகிவிட்டது. மற்ற முடிவையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. விளையாட்டு அந்த ஆசையின்மேல்தான் விரலை வைக்கிறது. முடியும் என்பதற்காகவே செய்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறது. தானே செய்யத் துணியாமல் மற்றவர் ஆடுவதைப் படம்பிடித்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறவர்களையும் அது விடவில்லை. அவர்களுக்கும் ஒரு வசவு வைத்திருக்கிறது. அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியுஸை நினைத்துக்கொள்ளுங்கள். ரோமாபுரியில் நண்பர்கள் வற்புறுத்தி இழுத்துப்போனதால் வாள்வீரர் களத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கூட்டம் ஆர்ப்பரித்ததும் என்னவென்று பார்க்கக் கண்ணைத் திறந்தார். அதோடு அந்த வெறி அவரையும் பற்றிக்கொண்டது. பார்க்க வேண்டும் என்ற ஆசையை முன்னோர் ஏன் ஒரு துர்க்குணமாக எண்ணினார்கள் என்பது எனக்கு இங்கே விளங்கியது. பிறருடைய சாவு தனக்கு ஒரு காட்சி என்று எண்ணப் பழகுவது, திரையில் பழகினாலும் அது மனதின் பழக்கமே.

அந்த வழியை முடித்தவனுக்கு உலகமே அழிந்து கறுத்த திரை மிஞ்சுகிறது. காற்றின் ஒலி மட்டும் கேட்கிறது. பத்து நிமிஷம் காத்திருந்தால், உன் ஆத்துமத்தைக் கொடு, உலகத்தைத் திருப்பித் தருகிறேன் என்று ஒரு குரல் பேரம் பேசுகிறது. கொடுத்தபின், அவன் மறுபடி எவ்வளவு நல்லவனாக ஆடி முடித்தாலும் மகிழ்ச்சியான முடிவின் கடைசிப் படத்தில் ஒரு கறை இருந்தே தீரும்.

இங்கே விளையாட்டோடு நான் ஒரு வழக்காட வேண்டியிருக்கிறது. செய்ததை அழித்துவிடுவது மன்னிப்பு ஆகாது என்று காட்டியது மெய், அழகாகவே காட்டியிருக்கிறது. பொத்தானை அழுத்தி நேற்றை இல்லாமற் செய்கிறவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, சாட்சியைத்தான் ஒழிக்கிறான். ஆனால் அதன் உலகத்தில் அழிப்பதற்கும் நித்தியக் கறைக்கும் நடுவே வேறொன்றும் இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருகிற எனக்கு அந்த இடைவெளி கண்ணில் படாமல் போகாது. செய்தது செய்ததுதான் என்று வாயால் சொல்லி, மற்றொருவர் அதைக் கேட்டு, அதன்பின் எழுந்து போகிற வழி ஒன்று மனிதருக்குள் உண்டு. டோரியேலிடம் “நான் உன்னை ஒருமுறை கொன்றேன்” என்று சொல்ல அந்த விளையாட்டில் ஒரு பொத்தானும் இல்லை.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. குற்ற உணர்வையே விலைக்கு விற்கலாம் என்று கண்டுகொண்ட வியாபாரிகள் பெருகிவருகிறார்கள். கொஞ்சம் கொன்று, கொஞ்சம் வருந்தி, “எவ்வளவு மென்மையான மனம் எனக்கு!” என்று தன்னையே மெச்சிக்கொண்டு தூங்கப்போகிறவனும் இருக்கிறான். நாடகக் கொட்டகையில் தாம் விட்ட கண்ணீரை அகுஸ்தினார் சந்தேகித்தது இதனால்தான்: அந்த இரக்கம் எவருக்கும் உதவப் புறப்படவில்லை, அழுவதோடு திருப்தி அடைந்துவிட்டது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை எத்தனை மணிநேரம் ஆடினான் என்று நீங்கள் கேட்கிறீர்கள், கேளுங்கள். கூடவே, நுழைவுச் சீட்டு இல்லாமல் வந்த அந்த மனைவியை என்ன செய்தான் என்றும் கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லத் தயங்கினால் அவசரப்படுத்த வேண்டாம். தொடங்கிவிட்டானானால், சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள். அந்த மாமியார், மாமா, மகன் கணக்கையும் சேர்த்து.